அண்ணாசாகேப் சி. ராமச்சந்திரா: மெட்டும், மெட்டின் பின்னிருந்த கரங்களும்

நமது சங்கத்தின் ஆண்டு விழாக்களை நினைவுகூரும்போதெல்லாம், 'கண்ணும் கண்ணும் கலந்து' என்னும் பாடலுக்கு இரு சிறுமியர் போட்டியிட்டு ஆடும் காட்சி நம் மனக்கண்முன் வந்து நிற்கும். 1958ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில், கொத்தமங்கலம் சுப்பு இயற்ற, பி. லீலாவும் ஜிக்கியும் பாட, வைஜயந்திமாலாவும் பத்மினியும் ஆடிய பாடல் அது. தலைமுறைகள் கடந்தும் தமிழர் கூடும் மேடைகளில் அதற்கு வரவேற்பு குறையவில்லை. ஆயினும், அப்பாடலுக்கு இசை அமைத்தவர் தமிழர் அல்லர்; மராட்டியர்; நாம் வாழும் இந்தப் புனே நகரில் சங்கீதம் பயின்றவர் என்னும் செய்தியை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்?

அவர்தாம் சி. ராமச்சந்திரா. வானவடியில் வீடமைத்து, மராட்டிய அன்பர்களோடு தோளோடு தோள் நின்று வாழும் நாம், நமக்கும் அவர்களுக்கும் பொதுவான இப்பெரியாரின் வரலாற்றை இம்மலரில் பதிவு செய்வது பொருத்தமாகும் என்று கருதினோம். அவர் வரலாற்றைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. அவர் மெட்டுக்கு உடை அணிவித்து, நகை பூட்டி, ஊர் முன் நிறுத்தியவர்கள் சிலர் உண்டு. அவர்கள் பெயர்கள் திரையிலும் இசைத்தட்டிலும் பெரிதாக அச்சேறியதில்லை. அவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமை பெறும்.

இளமையும் கல்வியும்

ராமச்சந்திர நரஹர் சித்தல்கர் 1918ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அகமதுநகர் மாவட்டத்தில், கோதாவரிக் கரையிலுள்ள புண்தாம்பா என்னும் சிற்றூரில் பிறந்தார். அகல்யாநகர் என்று இன்று பெயர் பெற்றிருப்பது அந்த மாவட்டமே. இளமையிலேயே பாட்டில் நாட்டம் கொண்ட அவர், அந்நாளில் பூனா என்று வழங்கிய இந்நகருக்கு வந்து, விநாயகபுவா பட்வர்தன் நடத்திய காந்தர்வ மகாவித்தியாலயத்தில் இந்துஸ்தானி சங்கீதம் கற்றார். பட்வர்தன், புகழ்பெற்ற விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் சீடர்; குவாலியர் மரபினர். அம்மரபில் பயின்றமையால் ராமச்சந்திராவுக்கு இராக ஞானம் உறுதியாக அமைந்தது. பிற்காலத்தில் அவர் எத்தனை மேனாட்டு வாத்தியங்களைக் கூட்டினாலும் அந்த அடித்தளம் ஆட்டம் கண்டதில்லை.

ஆனால் அவர் முதலில் நாடியது இசையமைப்பை அன்று, நடிப்பை. 1935இல் ஒய்.வி. ராவ் எடுத்த 'நாகானந்தா' என்னும் படத்தில் அவர் கதாநாயகன். இரண்டாண்டுகள் கழித்துத் தியாகராஜ பாகவதரை வைத்துச் 'சிந்தாமணி'யை எடுத்துத் தமிழகத்தையே ஆட்கொண்ட அதே ஒய்.வி. ராவ்தாம் இவர். நாகானந்தா வெற்றி பெறவில்லை. பின்னர் ஸோராப் மோடியின் மினர்வா மூவிடோனில் சிறு வேடங்கள் புனைந்தார். அங்கே அவருடைய ஆர்மோனிய வாசிப்பை உணர்ந்தோர் அவரை இசைப் பகுதிக்கு அனுப்பினர். நடிகராக வந்தவர், நடிப்பில் தோற்றதனாலேயே தம் உண்மைத் தொழிலை அடைந்தார்.

தமிழ் திறந்த கதவு

இங்கே நாம் பெருமையோடு குறிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்தித் திரையுலகில் கோலோச்சிய இந்த இசையமைப்பாளருக்குத் தனியே இசை அமைக்கும் வாய்ப்பை முதன்முதல் வழங்கியவை தமிழ்ப் படங்களே. 'ஜெயக்கொடி' என்னும் படமும், 1941இல் வந்த 'வனமோகினி'யும் அவை. வனமோகினியில் எம்.கே. ராதாவும், இலங்கையிலிருந்து வந்த கே. தவமணி தேவியும் நடித்தனர். அதனை இயக்கியவர் பகவான் என்னும் மராட்டிய நண்பர்; பிற்காலத்தில் 'பகவான் தாதா' என்று இந்தியா முழுவதும் அறியப்பட்டவர்.

மொழி அறியாத இளைஞர் ஒருவர் அம்மொழிப் பாடலுக்கு மெட்டமைப்பதென்றால் என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சொல் எங்கே முறியும், எங்கே நீளும், எந்த எழுத்தில் அழுத்தம் விழும் என்பதைப் பிறர் சொல்லிக் கேட்டறிதல் வேண்டும். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் நாணமின்றிக் கேட்டு, அவர் சொல்வதை ஏற்றுத் தம் கலையோடு இணைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அப்போதே வாய்த்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னாளில் கோவாவின் வாத்தியக்காரர்களோடு அவர் நடத்திய கூட்டுறவுக்கும் அதுவே அடிப்படை.

பகவான் இயக்கிய 'சுகீ ஜீவன்' 1942இல் வந்தபோது இந்தியுலகம் அவரைக் கவனித்தது. 1947இல் 'ஷெனாய்' படத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் வருமாறு காதலியை அழைக்கும் வேடிக்கைப் பாட்டொன்று பட்டிதொட்டியெங்கும் பரவியது. கித்தாரும் வாயால் ஊதும் ஆர்மோனிகாவும் சீட்டியொலியும் கலந்த அந்த இசை அக்காலத்துக்குப் புதுமை. அப்பாடலில் ஒலித்த ஆண் குரலும் அவருடையதே. பாடகராக அவர் 'சித்தல்கர்' என்னும் பெயர் தாங்கினார். 1949இல் 'பதங்கா'வில் ரங்கூனிலிருந்து தொலைபேசியில் கணவன் பேசும் பாட்டு வந்தது. அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்பர்கள் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். மராட்டியிலும் தமிழிலும் அச்சொல் ஒன்றே, பொருளும் ஒன்றே.

அரேஞ்சர் என்பவர் யார்?

இவ்விடத்தில் வரலாற்றைச் சற்றே நிறுத்தி, அக்காலத்தில் ஒரு பாட்டு உருவான விதத்தை விளக்குதல் நலம்.

இசையமைப்பாளர் ஆர்மோனியத்தோடு அமர்வார், கவிஞர் அருகிருப்பார், மெட்டுப் பிறக்கும். அது ஒற்றை இழை. குரல் செல்லும் பாதை மட்டுமே. ஆனால் நாம் கேட்கும் பாட்டில், குரல் தொடங்குமுன் ஒரு முகப்பிசை உண்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே இடையிசை உண்டு. குரலின் அடியில் வயலின்கள் வேறொரு வழியே நடந்து வந்து குரலோடு கைகோத்துக்கொள்வதுண்டு. பாடகி மூச்சு வாங்கும் நொடியில் குழல் ஒன்று பதில் சொல்வதுண்டு. இவற்றை எண்ணி, எழுதி, எந்த வாத்தியம் எங்கே பேச வேண்டும், எங்கே வாய்மூடியிருக்க வேண்டும் என்று வகுத்துத் தருபவரையே திரையுலகினர் 'அரேஞ்சர்' என்றனர். வாத்திய அமைப்பாளர் என்று நாம் சொல்லலாம்.

இப்பணிக்கு மேனாட்டு ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு இன்றியமையாதது. நம் சங்கீதம் குருமுகமாகச் செவிவழி வருவது. இராகம் அறிந்த பெரும் வித்துவானுக்கும் அந்தக் குறிப்பை எழுதவோ படிக்கவோ பழக்கமில்லை. ஐம்பது பேர் அடங்கிய வாத்தியக் கோஷ்டிக்குச் செவிவழியே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுக்க நேரமும் இல்லை. எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தாள் எழுத வேண்டும். அதிலும் நுட்பமுண்டு. டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன் போன்ற வாத்தியங்களுக்கு ஏட்டில் எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறொன்று. அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டே எழுதுதல் வேண்டும். கணக்குத் தப்பினால் கோஷ்டி முழுவதும் அபசுரமாகிவிடும்.

இவை அனைத்தையும்விடக் கடினமானது இன்னொன்று. நம் இராகத்துக்கு மேனாட்டார் முறையில் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் வழக்கமில்லை. அடுக்குச் சுரத்தை அளவறியாது கூட்டினால் இராகத்தின் சாயல் கெட்டுவிடும். கூட்டாமலே விட்டால் பெரிய வாத்தியக் கோஷ்டி இருந்தும் பயனில்லை. எங்கே கூட்டுவது, எங்கே ஒதுங்குவது என்னும் விவேகமே அரேஞ்சரின் கலை.

பம்பாயில் இக்கலையைக் கைக்கொண்டிருந்தோர் பெரும்பாலும் கோவாவினர். போர்த்துக்கீசியர் ஆட்சியில் கோவாவின் தேவாலயங்களை ஒட்டிய பள்ளிகளில் சிறுவர்களுக்கு வயலினும் சுரக்குறிப்பும் கற்பிக்கப்பட்டன. ஊரில் பிழைப்பு அரிதாகவே, அவர்கள் பம்பாய், லாகூர், கல்கத்தா என்று சென்று, பெரிய ஓட்டல்களின் நடனக் கூடங்களில் வாசித்தனர். பின்னர்த் திரைப்பட இசைக்கூடங்களுக்கு வந்தனர். பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்து, வந்த இடத்தைத் தம் உழைப்பால் வளப்படுத்திய அவர்கள் கதை நமக்கு அயலானதன்று.

சிக் சாக்லெட்டும் அண்ணாவும்

அவர்களுள் ஒருவர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1916இல் கோவாவின் அல்தோனா என்னும் ஊரில் பிறந்தவர். 'சிக் சாக்லெட்' என்னும் விசித்திரப் பெயரில் டிரம்பெட் வாசித்துப் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் பெரும் புகழ் பெற்றவர். அமெரிக்க நீக்ரோ மக்களின் ஜாஸ் இசையில் தோய்ந்தவர். லூயி ஆம்ஸ்டிராங்கைப் பின்பற்றியவர். பகலில் திரைப்பட ஒலிப்பதிவு, இரவில் ஓட்டல் மேடை என்று இரு உலகில் வாழ்ந்தோர் கூட்டத்தில் அவரும் ஒருவர்.

குவாலியர் மரபில் வந்த ராமச்சந்திராவும் ஜாஸ் மரபில் வந்த சிக் சாக்லெட்டும் இணைந்ததால் விளைந்தவை இந்தித் திரையிசையின் போக்கையே மாற்றின. 1950இல் 'சமாதி' படத்தில் லதா மங்கேஷ்கரும் அமீர்பாயும் பாடிய 'கோரே கோரே' பாட்டில் தென்னமெரிக்கத் தாளம் துள்ளியது. அம்மெட்டின் மூலம் ஓர் அமெரிக்கப் படப் பாடலே என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடன் வாங்கியதைக் கடன் என்றே சொல்லுதல் முறை. 1951இல் பழைய நண்பர் பகவான் எடுத்து நடித்த 'அல்பேலா' வந்தது. 'ஷோலா ஜோ பட்கே' பாட்டில் போங்கோ முழவும் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து முழங்க, கொட்டகைகளில் மக்கள் எழுந்து ஆடினர். சிக் சாக்லெட் தம் குழுவினரோடு அப்படத்தில் திரையிலேயே தோன்றினார். திரைக்குப் பின்னிருந்த வாத்தியக்காரரைத் திரைக்கு முன் அழைத்து நிறுத்தியது அந்நாளில் அரிய செயல்.

அதே 'அல்பேலா'வில் லதா பாடிய தாலாட்டு ஒன்றுண்டு. அதில் ஆரவாரம் இல்லை. வாத்தியங்கள் அடியெடுத்து வைப்பதுகூடக் கேட்காது. 1953இல் வந்த 'அனார்கலி'யிலோ பீம்பலாஸி இராகம் கனிந்து ஒழுகிற்று. நம் ஆபேரிக்கு நெருங்கிய இராகம் அது. எப்போது டிரம்பெட்டை அழைப்பது, எப்போது அதனை வெளியே நிறுத்துவது என்னும் தீர்ப்பு அண்ணாவின் கையில் இருந்தது என்பதற்கு இவை சான்று. அரேஞ்சரின் பங்கைச் சொல்வதால் இசையமைப்பாளரின் பெருமை குறையும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மீண்டும் தென்னாட்டாரோடு

1950க்குப் பின்னர் தென்னாட்டுப் படத் தயாரிப்பாளர்கள் இந்தியில் படமெடுக்க முனைந்தபோது, பலர் நாடியது ராமச்சந்திராவையே. கோயம்புத்தூர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 'மலைக்கள்ள'னை இந்தியில் 'ஆஸாத்' என்று 1955இல் எடுத்தார். மிகக் குறுகிய நாட்களில் பாடல்கள் அனைத்தும் வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்று அண்ணா அவற்றை முடித்துக் கொடுத்தார். சாயி-சுப்புலட்சுமி சகோதரியர் அதில் ஆடிய பாட்டை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். அத்தகைய வேகத்தில் பணி முடிய வேண்டுமானால், மெட்டுப் பிறந்த உடனே தாளில் ஏற்றி, வாத்தியம் வாரியாகப் பிரித்தெழுதும் கைகள் அருகில் இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

எஸ்.எஸ். வாசனின் 'இன்ஸானியத்', 'பைகாம்', சிவாஜி கணேசன் தயாரித்த 'அமர்தீப்', எம்.வி. ராமனின் 'ஆஷா' ஆகியவற்றுக்கும் அவரே இசை. 1957இல் வந்த ஆஷாவில் கிஷோர்குமார் பாடிய 'ஈனா மீனா டீகா' பாட்டுக்குக் குழந்தைகளின் விளையாட்டுச் சொற்களே வித்து என்றும், அண்ணாவின் உதவியாளரான ஜானி கோம்ஸ் என்னும் கோவா அன்பர் அதில் கொங்கணிச் சொற்களைக் கலந்தார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு.

அடுத்த ஆண்டில்தான் நாம் தொடக்கத்தில் குறித்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வந்தது. அதன் இந்தி வடிவமான 'ராஜ் திலக்'குக்கும் அவரே இசை. அந்தப் போட்டி நடனத்தை மறுமுறை பார்க்கும்போது, ஆடுவோரைச் சற்றே மறந்து வாத்தியங்களைக் கேட்குமாறு வேண்டுகிறோம். ஒருத்தியின் ஆட்டம் முடிந்து மற்றவள் தொடங்கும் இடங்களில் இசை எவ்வாறு நிறம் மாறுகிறது, நடை எவ்வாறு படிப்படியாக விரைகிறது, இறுதியில் இருவரும் ஒருங்கே சுழலும்போது கோஷ்டி முழுவதும் எவ்வாறு திரண்டெழுகிறது என்று கவனித்தால், மெட்டமைத்தலும் வாத்தியம் அமைத்தலும் இரு வேறு கலைகள், அவை இணைந்தாலன்றிப் பாட்டு நிற்காது என்பது புலனாகும்.

இறுதிக் காலம்

1963ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள். சீனப் போரின் புண் ஆறாத நேரம். தில்லியில் பண்டித நேருவின் முன்னிலையில், போரில் மாண்ட வீரரை நினைந்து கவி பிரதீப் எழுதிய பாடலை லதா பாடினார். இசை ராமச்சந்திராவினுடையது. நேருவின் கண்கள் கலங்கின. வாத்திய முழக்கத்தால் நாட்டை ஆட்டிவைத்தவர், அன்று முழக்கத்தை அடக்கி, குரலுக்கும் சொல்லுக்கும் வழிவிட்டார். குடியரசு நாள்தோறும் அப்பாடல் இன்றும் ஒலிக்கிறது.

அதன்பின் திரையுலகம் வேறு இசையமைப்பாளரை நாடிச் சென்றது. அண்ணா மராட்டிப் படங்களில் ஈடுபட்டார், ஜி.டி. மாட்கூல்கரின் 'கீத் கோபால்' பாடல்களுக்கு இசை அமைத்தார். 1977இல் தம் வாழ்க்கை வரலாற்றை மராட்டியில் நூலாக வெளியிட்டார். 1982ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், தமது 64ஆம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்க, பம்பாயில் மறைந்தார். சிக் சாக்லெட் அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1967இல், ஐம்பது வயதை ஒட்டி உயிர்நீத்தார்.

பெயரும் புகழும்

நம் சிந்தைக்குரிய செய்தி இதுதான். ராமச்சந்திரா என்னும் ஒருவரே சித்தல்கர், ராம் சித்தல்கர், அண்ணாசாகேப் எனப் பல பெயர்களில் அச்சேறினார். அவரோடு உழைத்த பலர் ஒரு பெயராலும் அச்சேறவில்லை. படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில், இடமிருந்தால், 'உதவி' என்னும் ஒரு சொல்லின் கீழ் அவர்கள் அடங்கினர். இசைத்தட்டில் அதுவும் இல்லை. ஒரு காலத்தில் பாடகர்க்கும் இந்நிலையே இருந்தது. 1949இல் 'மகல்' படப் பாட்டின் இசைத்தட்டில் பாடிய லதாவின் பெயர் இல்லை, கதைப் பாத்திரத்தின் பெயரே இருந்தது. பாடகர்க்கு மக்கள் ஆதரவு இருந்தமையால் அந்தக் குறை விரைவில் நீங்கிற்று. அரேஞ்சருக்காகக் கேட்பார் எவரும் இல்லை.

சங்கர்-ஜெய்கிஷனுக்குச் செபாஸ்டியன் டி'சோஸா பல ஆண்டுகள் வாத்தியம் அமைத்தார். ஆன்டனி கோன்சால்வ்ஸ் 1958இல் பம்பாயில் இந்திய இராகங்களையும் மேனாட்டுக் கோஷ்டியையும் இணைத்துப் பெருங்கச்சேரி நடத்தினார். 1977இல் வந்த 'அமர் அக்பர் ஆன்டனி'யில் அமிதாப் பச்சன் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர் உண்மையில் ஒரு வயலின் ஆசானின் பெயர் என்பதையும், இசையமைத்த இருவருள் ஒருவரான பியாரேலால் தம் குருவுக்குச் செலுத்திய வணக்கம் அது என்பதையும் கோடிக்கணக்கானோர் அறியாமலே சிரித்தனர். கணிப்பொறியும் கீபோர்டும் வந்தபின், 1990க்கு மேல், பெரிய வாத்தியக் கோஷ்டிகள் கலைந்தன. கிரிகரி பூத் என்னும் ஆய்வாளர் எஞ்சியிருந்த முதியோரைத் தேடிச் சென்று, கேட்டறிந்து, 2008இல் ஒரு நூலாக வெளியிட்டார். நம்மவர் முன்னரே செய்திருக்க வேண்டிய பணி அது.

அண்ணாசாகேப் குறையில்லாத மனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் காலத்து வழக்கத்தை அவரும் மாற்றவில்லை. பெயர்ப் பட்டியலில் அவரும் முதலிடத்திலேயே நின்றார். ஆனால் தமக்குத் தெரியாத கலையை இகழாமல், அதனை அறிந்தவரை அழைத்து அருகில் அமர்த்தி, அவர் திறமைக்கு இடம் கொடுத்தார். தமிழிலே தொடங்கி, மராட்டியிலே வேரூன்றி, கோவாவின் கரங்களைத் துணைக்கொண்டு, இந்தியில் வென்றார். அவர் இசை எந்த ஒரு மாநிலத்துக்கும் தனியுரிமை அன்று.

இவ்வாண்டு விழாவிலும் மேடையில் ஆடுவோரின் பெயர்கள் அறிவிக்கப்படும். நாமும் மகிழ்ந்து கைதட்டுவோம். அப்போது ஒலிபெருக்கி கட்டியவர், நாற்காலி அடுக்கியவர், அடுப்படியில் நின்றவர் ஆகியோர் பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்தை நமது சங்கம் மேற்கொள்ளுமாயின், அண்ணாவுக்கும் அவர் பின்னிருந்த கரங்களுக்கும் நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் அதுவாகவே அமையும்.